பேரிடர்த் தன்னார்வலர் ஒருங்கிணைப்பில் தகவல் தொழில்நுட்பம்

வெள்ளம், புயல், ஆழிப்பேரலை, நிலநடுக்கம் போன்ற பேரிடர்களின்போது உதவ முன்வருவோரையும் உதவி தேவைப்படுவோரையும் இணைப்பதே தன்னார்வலர் ஒருங்கிணைப்பு எனப்படுகிறது. யார் எங்கே போவது, எதைக் கொண்டுபோவது, போன வேலை முடிந்ததா என்ற கணக்கை வைத்திருப்பது இதன் மையப் பணியாகும். முன்பு இது நோட்டுப் புத்தகத்திலும் தொலைபேசியிலும் நடந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு இதற்கென்றே மென்பொருள்கள் எழுதப்பட்டன. இன்று இணையப் படிவங்கள், விரிதாள்கள், வாட்ஸ்அப் குழுக்கள், மின்வரைபடங்கள் எனப் பல வடிவங்களில் இது நடைபெறுகிறது.

கருவிகள் மாறினாலும் பெரும்பாலான முயற்சிகள் ஒரே இடத்தில்தான் தடுமாறியிருக்கின்றன. உதவிக் கோரிக்கைகளைத் திரட்டுவது எளிது. அந்தக் கோரிக்கை நிறைவேறிவிட்டது என்று குறித்து, அதைப் பட்டியலிலிருந்து நீக்குவதுதான் கடினம்.

நாகப்பட்டினத்தின் பாடம்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் மிக அதிக உயிரிழப்பைச் சந்தித்தது நாகப்பட்டினம் மாவட்டம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தனர். அடுத்த சில நாள்களில் நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பொருள்கள் வந்து இறங்கின. பழைய துணிகள் யாரும் எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்த காட்சியை அன்றைய செய்திகளைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெருஞ்சாலையை ஒட்டிய ஊர்களுக்கு உதவி திரும்பத் திரும்பக் கிடைத்தது. உள்ளே தள்ளியிருந்த குப்பங்களுக்கு அது தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. உதவியவர்களின் மனத்தில் குறை ஒன்றும் இல்லை. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, ஸ்நேகா முதலிய தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. எந்த ஊரில் எந்த அமைப்பு என்ன வேலையை எடுத்திருக்கிறது என்பதை ஒரே இடத்தில் பதிந்து, புதிதாக வருவோரைத் தேவை மிகுந்த இடங்களுக்குத் திருப்பிவிடுவது அதன் வேலையாக இருந்தது. அங்கே பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. பட்டியல்கள், சில கணினிகள், அன்றாடக் கூட்டங்கள் ஆகியவைதான் இருந்தன. பின்னர் வந்த மென்பொருள்கள் செய்ய முயன்றதும் இதே வேலையைத்தான்.

சஹானா

அதே ஆழிப்பேரலையில் இலங்கையில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். அந்நாட்டின் மென்பொருள் துறையைச் சேர்ந்த தன்னார்வலர்கள் லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் வழியாக ஒன்றுகூடிச் சில வாரங்களில் ஓர் இணையவழி மென்பொருளை உருவாக்கினர். அதற்குச் சஹானா என்று பெயரிட்டனர். சிங்களத்தில் இச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். தமிழில் 'சகனம்' என்றால் பொறுமை. இந்த வேலைக்கு இரண்டும் தேவைதான்.

சஹானா ஒரே நிரலாகத் தோன்றினாலும் உள்ளே பல பதிவேடுகளின் தொகுப்பாகும். காணாமற்போனோர் பதிவேடு குடும்பங்களைச் சேர்த்துவைக்க உதவியது. அமைப்புகள் பதிவேட்டைப் பார்த்தால் எந்தத் தொண்டு நிறுவனம் எந்தப் பகுதியில் எந்த வேலையைச் செய்கிறது என்பதும், எந்தப் பகுதிக்கு யாருமே போகவில்லை என்பதும் தெரிந்தன. முகாம்கள் பதிவேட்டில் ஒவ்வொரு முகாமிலும் தங்கியிருப்போர் எண்ணிக்கை இருந்தது. கோரிக்கை மேலாண்மைப் பகுதி, கேட்ட பொருளையும் கொடுக்க முன்வந்த பொருளையும் பொருத்தியது. தன்னார்வலர்களின் திறமை, இருப்பிடம், நேரம் ஆகியவற்றைக் குறிக்கும் பகுதியும் பின்னர் வளர்ந்தது.

கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டதால் எந்த நாடும் கட்டணமின்றி இதை எடுத்துத் தன் மொழிக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள முடிந்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவிலும் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் சஹானா பயன்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டு விருதும் இதற்குக் கிடைத்தது. தெற்காசியாவில் ஒரு பேரிடரின் நடுவே பிறந்த மென்பொருள் உலகெங்கும் சென்றது என்பது நம் மாணவர்கள் பலர் அறியாத செய்தி.

2008 தொடக்கத்தில் கென்யாவில் தேர்தலுக்குப் பின் எழுந்த வன்முறையைப் பதிவுசெய்ய உருவான உஷாஹிடி என்ற தளம் வேறொரு வழியில் சென்றது. பொதுமக்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளை அது நிலவரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டியது. 2010 சனவரியில் எயிட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது 4636 என்ற குறுக்கெண்ணுக்கு மக்கள் அனுப்பிய செய்திகளை, வெளிநாடுகளில் வாழ்ந்த கிரியோல் மொழி அறிந்தோர் மொழிபெயர்த்து இடத்தைக் கண்டறிந்து மீட்புக் குழுக்களுக்குத் தந்தனர். பேரிடர் நடக்கும் ஊரில் கால் வைக்காமலேயே ஒருவர் தன்னார்வலராக முடியும் என்பதை உலகம் அப்போதுதான் தெளிவாகக் கண்டது.

சென்னை, 2015

தமிழ்நாட்டில் இந்த முறை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது 2015 டிசம்பர் வெள்ளத்தில்தான். டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றின் கரையோரப் பகுதிகள் இரவோடிரவாக மூழ்கின. மின்சாரம் நின்றது, பல இடங்களில் அலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது.

அந்த இரவிலேயே டுவிட்டரில் சென்னை வெள்ளத்துக்கான கொத்துக்குறிகளின் கீழ் உதவி வேண்டுகோள்கள் குவியத் தொடங்கின. சிலர் தங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு இடம் உண்டு என்று எழுதினர். உணவு சமைத்துத் தருவதாகச் சிலரும், படகு இருப்பதாகச் சிலரும் அறிவித்தனர். இவற்றைத் திரட்டிப் பொது விரிதாள்களில் ஏற்றினார்கள் தன்னார்வலர்கள். அவர்களில் பலர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தனர். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் ஆர்வலர்கள் ஒரு வெள்ள வரைபடத்தை உருவாக்கினர். அதில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் நிற்கும் தெருவைச் சொடுக்கிக் குறிக்கலாம். எந்தச் சாலை வழியாகப் போகலாம் என்று வண்டியோட்டிகளுக்குச் சொல்ல அது உதவியது.

அந்த நாள்களின் குறைகளும் கவனத்துக்குரியவை. மாடியில் சிக்கிய ஒரு முதியவரைப் பற்றிய வேண்டுகோள் காலையில் எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மதியம் பக்கத்து வீட்டுக்காரர்களே அவரை அழைத்துச் சென்றுவிடுகின்றனர். ஆனால் அந்தச் செய்தி மறுநாளும் அதற்கடுத்த நாளும் பகிரப்பட்டுக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு அது எப்போது எழுதப்பட்டது என்பது தெரியாது. படகுடன் ஒரு குழு தேடிக்கொண்டு போய்ப் பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பும். அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி, அலைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துபோன ஒரு குடும்பம் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் காத்திருக்கும். பகிரும் விரல்கள் இலட்சம் இருந்தாலும் படகு பத்துதான் என்பதால், வீணாகும் ஒவ்வொரு பயணமும் இன்னொருவருடைய மணி நேரங்களைத் தின்கிறது.

வதந்திகளும் சேர்ந்துகொண்டன. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், இதைவிடப் பெருமழை வரப்போவதாக நாசா எச்சரித்துள்ளது என்றும் பரவிய செய்திகள் பொய்யானவை.

ஒரு கோரிக்கையின் பயணம்

நல்ல ஒருங்கிணைப்பில் ஒவ்வொரு கோரிக்கையும் நான்கு நிலைகளைக் கடக்கிறது: புதிது, சரிபார்க்கப்பட்டது, ஒப்படைக்கப்பட்டது, முடிந்தது. சரிபார்ப்பவர் அந்த எண்ணுக்கு நேரடியாக அழைத்து, எத்தனை பேர், முதியோர், கருவுற்றோர், நோயாளிகள் உண்டா, வீட்டுக்கு அருகில் அடையாளம் என்ன என்று கேட்டு எழுதுகிறார். அழைத்த நேரத்தைக் குறிப்பது கட்டாயம். நேரமில்லாத தகவல் சில மணி நேரத்தில் பயனற்றதாகிவிடும். ஒப்படைத்தவுடன் அக்குழுவின் பெயர் அந்த வரியில் ஏறுகிறது, அதன்பின் வேறு குழு அதைத் தொடக்கூடாது.

ஒரே வீட்டுக்காக ஐந்து உறவினர்கள் ஐந்து முறை படிவம் நிரப்புவார்கள். இந்த இரட்டிப்பை நீக்கப் பெயரை நம்ப முடியாது. ஒரே பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்து விதமாக எழுதுவோம். சிக்கியிருப்பவரின் அலைபேசி எண்தான் ஓரளவு நம்பத்தக்க அடையாளம். எனவே படிவத்தில் 'உங்கள் எண்', 'சிக்கியிருப்பவரின் எண்' என இரண்டு கட்டங்கள் தனித்தனியே இருக்க வேண்டும். அனுபவமில்லாதவர்கள் உருவாக்கும் படிவங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும்.

விரிதாளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நூறு பேர் ஒரே நேரத்தில் திருத்தும் விரிதாளில் யாரோ ஒருவர் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திவிட்டால், ஒருவருடைய எண் இன்னொருவருடைய முகவரிக்குப் போய்விடும். பிழை நடந்ததே யாருக்கும் தெரியாது. சிறு குழுவுக்கு விரிதாள் போதும். ஆனால் திருத்தும் உரிமை நாலைந்து பேருக்கு மட்டும் இருந்து, மற்றவர்கள் படிவம் வழியாகவே தகவல் தருவது நல்லது.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, அம்மாநிலத்தின் தகவல் தொழில்நுட்ப இயக்கமும் தன்னார்வ நிரலாளர்களும் சேர்ந்து கேரளா ரெஸ்க்யூ என்ற தளத்தை நடத்தினர். அரசின் பெயரிலேயே தளம் இருந்ததால் கோரிக்கைகள் ஒரே இடத்தில் சேர்ந்தன, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளுக்கு நேரே சென்றன. சென்னையில் சிதறிக் கிடந்த பட்டியல்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆயினும் பழைய சிக்கல் அங்கும் தொடர்ந்தது. செங்கன்னூரில் சிக்கிய பெற்றோருக்காக வளைகுடா நாட்டிலிருந்து மகன் படிவம் நிரப்பினால், பெற்றோர் மீட்கப்பட்ட பிறகு அதைத் திரும்ப வந்து மூடுவது யார்? மீட்டவர்கள் கடற்கரையிலிருந்து லாரிகளில் படகுகளை ஏற்றிவந்த மீனவர்கள். கேரள அரசின் கணக்குப்படி 669 படகுகள் இப்பணியில் இறங்கின. துடுப்பையும் இயந்திரத்தையும் பிடித்திருக்கும் கையால் இணையதளத்தில் 'முடிந்தது' என்று குறிக்க முடியாது. எனவே ஒவ்வொரு படகுக் குழுவுக்கும் கரையில் ஒருவர் அலைபேசியோடு இருந்து, அவர்கள் சொல்வதைப் பதிவதே நடைமுறையில் பயன்தரும் வழி. இந்த 'கரையில் இருப்பவர்' பணி எந்தச் செயலியின் விளம்பரத்திலும் வருவதில்லை.

வர வேண்டாம் என்று சொல்வதும் ஒருங்கிணைப்பின் பகுதியே. தொலைக்காட்சியில் காட்டப்பட்ட ஊருக்கு எல்லாரும் வண்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டால் ஆம்புலன்சுக்கு வழியிருக்காது. பதிவுசெய்த தன்னார்வலருக்கு 'இன்று தேவையில்லை, மூன்றாம் நாள் துப்புரவுக்கு வாருங்கள்' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தால், அதுவே பெரிய உதவி.

கோபுரம் விழுந்த பின்

மேலே சொன்ன அனைத்தும் அலைபேசி இயங்கினால்தான். அந்தமானில் 2004 ஆழிப்பேரலை தொடர்புகளைத் துண்டித்தபோது, போர்ட் பிளேயரில் வேறு நோக்கத்துக்காக முகாமிட்டிருந்த அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று முதன்மை நிலப்பகுதியோடு தொடர்பை ஏற்படுத்தித் தந்தது. அதற்குத் தலைமையேற்ற பாரதி பிரசாத் அப்பணிக்காகப் பரவலாக அறியப்பட்டார். மின்கலத்தில் இயங்கும் இந்த ஹாம் வானொலிக்குக் கோபுரம் தேவையில்லை. ஆனால் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். வெள்ளம் வந்த பிறகு கற்றுக்கொள்ளக்கூடிய கலை அன்று.

அதைவிட எளிய சான்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு. அந்த மீனவ ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையமும், அலையின் உயரத்தை அன்றாடம் அறிவிக்க ஓர் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துத் தொலைபேசியில் எச்சரிக்க, ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் வெளியேறி உயிர் தப்பினர். அன்றாடம் பயன்பட்ட கருவி என்பதால்தான் அந்த ஐந்து நிமிடத்தில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. பேரிடருக்கென்றே செய்து பெட்டியில் பூட்டிவைத்த கருவியாக இருந்திருந்தால் சாவியைத் தேடவே நேரம் போயிருக்கும்.

தனியுரிமை

அவசரத்தில் பொதுவெளியில் இடப்படும் பட்டியலில் தனியாக இருக்கும் பெண்ணின் முகவரி, முதியோரின் எண், பெற்றோரைப் பிரிந்த குழந்தையின் பெயர் எல்லாம் இருக்கும். வெள்ளம் வடிந்த பின்னும் அந்தப் பக்கம் இணையத்தில் அப்படியே நிற்கும். எனவே பொதுமக்களுக்குக் காட்டும் பட்டியலில் பகுதியும் எண்ணிக்கையும் மட்டும் இருந்து, எண்களும் பெயர்களும் ஒருங்கிணைப்பாளரிடம் இருப்பது முறை. பணி முடிந்ததும் அழித்துவிடும் நாளையும் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது நல்லெண்ணத்தோடு நின்றுவிடும் செய்தியாக இல்லை.

பவானிக் கரையில்

ஈரோடு மாவட்டம் சத்தியமங்கலம் இந்த முறைகளை எண்ணிப் பார்க்க ஏற்ற ஊர். பவானி ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது. மேலே சில கல் தொலைவில் 105 அடி நீர்மட்டமும் 32.8 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட பவானிசாகர் அணை இருக்கிறது. நீலகிரியிலும் கேரளத்தின் அட்டப்பாடிப் பகுதியிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் முதலில் பில்லூர் அணை நிரம்பும். அந்த உபரிநீர் மேட்டுப்பாளையம் வழியாகப் பவானிசாகருக்கு வரும். அங்கே மாயாற்று நீரும் சேரும். அணை நிரம்பித் திறந்துவிட்டால் சத்தியமங்கலம், கொடிவேரி, கோபிசெட்டிபாளையம் பகுதிகளைக் கடந்து பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கும். 2018 ஆகஸ்டில் இந்த வழியெங்கும் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்து, மக்கள் முகாம்களுக்கு மாற்றப்பட்டனர்.

சென்னை போலத் தூக்கத்தில் வந்து பிடிக்கும் வெள்ளம் இல்லை இது. பில்லூர் மதகு திறந்த செய்தியிலிருந்து கரையோரத் தெருவுக்குத் தண்ணீர் வருவதற்குள் மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது. நீர்வளத் துறையின் நீர்வெளியேற்ற அளவு கன அடியில் அறிவிக்கப்படுகிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் மாநில அறையை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மழை, வெள்ள எச்சரிக்கைகளைத் தர அரசின் டி.என். ஸ்மார்ட் செயலியும் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் ஊர்த் தன்னார்வலர்களுக்கு மீட்புப் பயிற்சி அளிக்கிறது. அறிவிப்புக்குத் தண்டோரா போடும் வழக்கத்தை 2022இல் தமிழ்நாடு அரசு கைவிடச் சொல்லிவிட்டது. இப்போது வண்டியில் கட்டிய ஒலிபெருக்கிதான்.

மலைப்பகுதியின் நிலை வேறு. கடம்பூர், தாளவாடி மலைக் கிராமங்கள் பலவற்றில் அலைபேசிச் சமிக்ஞை சரியாகக் கிடைப்பதில்லை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஓரிடத்தில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ மேலே போக வழியில்லை. தெங்குமரகடா மக்கள் மாயாற்றைப் பரிசலில் கடந்துதான் பவானிசாகர் பக்கம் வரவேண்டும். ஆற்றில் வெள்ளம் என்றால் பரிசலும் நின்றுவிடும். இணையப் படிவம் இந்த ஊர்களுக்குப் பயன்படாது. படிவம் நிரப்பாத ஊர், வரைபடத்தில் சிக்கலே இல்லாத ஊர் போலத் தோன்றும் என்பது அதைவிட ஆபத்து. அதனால் ஒருங்கிணைப்பாளரின் பட்டியலில், கோரிக்கை வராவிட்டாலும் ஒவ்வொரு மலையூருக்கும் ஒரு வரி முன்கூட்டியே இருக்க வேண்டும். அந்த வரியில் 'கடைசியாகத் தகவல் கிடைத்த நேரம்' என்ற கட்டம் காலியாக இருந்தால் அதுவே ஒரு கோரிக்கையாகும். வனத்துறையின் வயர்லெஸ், மலைப்பேருந்தின் ஓட்டுநர், நியாயவிலைக் கடைப் பணியாளர் ஆகியோர் அதை நிரப்பக்கூடியவர்கள்.

சமவெளிக்கு ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அணியே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. கரையோரத் தெருக்களில் நடந்து, எந்த ஆண்டு எந்த வீட்டுப் படிவரை தண்ணீர் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். அந்த நாள்களில் அணையிலிருந்து எத்தனை கன அடி திறக்கப்பட்டது என்ற பதிவைத் துறையிடம் பெற்று அதனோடு பொருத்த வேண்டும். இத்தனை ஆயிரம் கன அடி என்றால் இந்தத் தெரு, அதற்குமேல் என்றால் அடுத்த தெரு என ஒரு பக்க அட்டவணை கிடைத்துவிடும். தெருவாரியாக, தனியே வாழும் முதியோர் உள்ள வீடுகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு தெருவுக்கும் பொறுப்பான இருவரின் பெயரையும் சேர்த்து, அதன் அச்சுப்படி ஒன்றை வட்டாட்சியர் அலுவலகத்திலும் இன்னொன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் கொடுத்துவைக்கலாம். தென்மேற்குப் பருவமழை சூனில் தொடங்குவதால் இந்தக் கணக்கெடுப்பை மே மாத விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும்.